கண்ணகி அழுததால்தான் வென்றாளா?

போன வாரம் விடைத்தாள் திருத்தினேன். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைக் கொடுத்து, கண்ணகி பாண்டியனை எப்படி ஒத்துக்கொள்ள வைத்தாள் என்று கேட்டிருந்தேன். பாதிக்கு மேல் ஒரே விடை: "உணர்ச்சியைத் தூண்டினாள்." எரிச்சலாக இருந்தது, சிரிப்பும் வந்தது. கல்லூரியில் நானும் இதையேதான் எழுதினேன்.

உவமையையும் உருவகத்தையும் குழப்புவதெல்லாம் நாலு தாள் எழுதினால் தானே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். அப்படித் தானே சரியாகாத நாலு தவறுகளைத்தான் கீழே சொல்கிறேன்.

பார்த்ததும் பெயர் ஒட்டுவது

கேட்பவரை இணங்க வைக்கும் வழிகள் பேசுபவர் மேல் வரும் நம்பிக்கை, கேட்பவரின் உணர்ச்சி, தர்க்கம் என்று அரிஸ்டாட்டில் சொன்ன மூன்றும் தெரிந்ததும் பிள்ளைகள் மூன்று நிறப் பேனாவை எடுத்துவிடுகிறார்கள். கண்ணீர் என்றால் சிவப்பு. ஒரு போட்டியில் நானும் கண்ணகியின் பேச்சு 'தேரா மன்னா' தொடங்கிக் கடைசிவரை உணர்ச்சிதான் என்று அடித்துப் பேசினேன். நடுவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "அழுகையே போதும் என்றால் சிலம்பை எதற்கம்மா உடைத்தாள்?" பதில் வரவில்லை. கைக்கு வந்த பரிசு போனது.

நிதானமாகப் படியுங்கள். நீ யார் என்று அரசன் கேட்கிறான். புறாவின் துயர் தீர்த்தவனும், பசுவின் கண்ணீருக்காகப் பெற்ற மகனையே தேர்க்காலில் இட்டவனும் ஆண்ட புகார் என் ஊர் என்கிறாள். பசு அழுகிறதே, உணர்ச்சிதானே என்பார்கள். அழுகிறது, சரி. ஆனால் அந்த வரி பாண்டியனை என்ன செய்கிறது? மகனென்றும் பாராமல் நீதி செய்தவனை அவன் கண்முன் நிறுத்துகிறது. எப்பேர்ப்பட்ட ஊரிலிருந்து வந்தவள் என்பதையும் சொல்லிவிடுகிறது.

"கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று", அதாவது கள்வனைக் கொல்வது கொடுங்கோன்மை ஆகாது என்கிறான் அரசன். இந்த விதியை அவள் மறுக்கவே இல்லை. கோவலன் கள்வனா என்பதில்தான் கை வைக்கிறாள். 'கொற்கை வேந்தே' என்று விளித்து, என் சிலம்பின் உள்ளே இருக்கும் பரல் மாணிக்கம் என்கிறாள். கொற்கை முத்துக்குப் பேர்போன துறை என்பதை நினைத்துக்கொண்டு அந்த விளியை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். எங்கள் சிலம்பில் இருப்பது முத்து என்று அரசன் தன் வாயாலேயே சொல்கிறான். அப்புறம்தான் சிலம்பு உடைகிறது, மணி தெறிக்கிறது. விரிந்த கூந்தலும் கண்ணீரும் அவனைக் கேட்க வைத்தன. தீர்ப்பைப் புரட்டியது அந்த மணி.

எண்ணி அடுக்கினால் தர்க்கம் என்பது

கோவலனைப் பார்த்ததும் காவலர்கள், இவன் கொலைக்குரியவன் அல்லன் என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் சிரித்துக்கொண்டே மந்திரம், தெய்வம், மருந்து என்று தொடங்கிக் கள்வர் கைக்கொள்ளும் எட்டு வழிகளையும் ஒப்பிக்கிறான். அந்த எட்டில் கோவலனைப் பற்றி ஒன்றுகூட இல்லை. 'இவனுக்கு விஷயம் தெரியும்போல' என்று காவலருக்குத் தோன்றியது, அவ்வளவுதான். அரசியின் சிலம்பைத் திருடியதே அந்தப் பொற்கொல்லன்தான். பிறகு விஷயம் தெரியாமல் இருக்குமா?

உத்தி என்றாலே ஏமாற்று என்பது

இல்லை. கண்ணகி செய்ததும் உத்திதான்.

கேட்பவர் யார் என்று எழுதாமல் விடுவது

காவலரிடம் எடுபட்ட பொற்கொல்லனின் எட்டைக் கண்ணகியிடம் ஒப்பித்துப் பாருங்கள், எடுபடுமா என்று தெரியும்.