கான்ஃபரன்ஸ் உடைந்த பிறகும் கல்லூரி அணியின் ரசிகராக இருப்பது எப்படி

அமெரிக்காவுக்குப் படிக்க வந்து, படித்த ஊரின் ஃபுட்பால் அணி மேல் பிடிப்பு வந்து, வேலை, வீடு, பிள்ளைகள் என்று ஆன பிறகும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை சனிக்கிழமைகளில் வேறெதற்கும் ஒப்புக்கொள்ளாதவர்கள் நம்மில் நிறைய பேர் உண்டு. அவர்களில் யாருடைய கான்ஃபரன்ஸாவது (ஆண்டுதோறும் தங்களுக்குள் ஆடும் பல்கலைக்கழக அணிகளின் கூட்டணி) சிதறிப்போய், இனி இந்த ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், அவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்து ஆள். 1997-ல் எம்.எஸ். படிக்கப் புல்மனில் வந்து இறங்கியபோது ஃபர்ஸ்ட் டவுன் என்றால் என்னவென்று தெரியாது. அந்த சீசனில்தான் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ரயன் லீஃப் எங்கள் அணியை 67 ஆண்டுகளுக்குப் பிறகு, புத்தாண்டு நாளின் பெரிய ஆட்டமான ரோஸ் பௌலுக்குக் கூட்டிப் போனார். மிஷிகனிடம் 21-16 என்று தோற்றோம். தோற்றதற்கு மறுநாளும் ஊரே கருஞ்சிவப்புச் சட்டையில் திரிந்ததைப் பார்த்தபோது நானும் அந்த ஊர்க்காரன் ஆகிவிட்டேன்.

2023 ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை. ஒரே நாளில் எங்கள் பேக்-12 கான்ஃபரன்ஸை விட்டு, ஓரிகனும் சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் பிக் டென் கான்ஃபரன்ஸுக்கும், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12 கான்ஃபரன்ஸுக்கும் போவதாக அறிவித்தன. யூஎஸ்சி, யூசிஎல்ஏ இரண்டும் முந்தைய ஆண்டே போகிறோம் என்று சொல்லியிருந்தன. கொலராடோ அதற்கு முந்தைய வாரம் சொன்னது. செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் ஏசிசி என்ற அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸுக்குக் கிளம்பின. நூறு ஆண்டைத் தாண்டிய பேக்-12-ல் மிஞ்சியது ஓரிகன் ஸ்டேட்டும் நாங்களும் மட்டும்.

எது போயிற்று என்று முதலில் பாருங்கள்

ரொம்ப நாள் ரசிகர்களிடம் பேசிப் பார்த்தால், 'பெரிய லீகில் இடம் போய்விட்டதே' என்று வருந்துகிறவர்கள் குறைவு. அவர்களுக்கு வலிப்பது அக்கம்பக்கம் போனதுதான். நமக்கும் சியாட்டில்காரர்களுக்கும் இருந்தது பங்காளிச் சண்டை. ஆண்டு முழுக்க முகம் கொடுக்காவிட்டாலும், குறித்த நாளில் எதிரெதிரே வந்து நின்றே ஆக வேண்டும். இந்த ஆண்டு இங்கே, அடுத்த ஆண்டு அங்கே. ஓரிகனின் யூஜீன், ஓரிகன் ஸ்டேட்டின் கொர்வாலிஸ், பெர்க்லி என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வாரம் உண்டு. அந்த ஊர்களில் நமக்குத் தெரிந்த ஒரு வீடும் உண்டு.

போனவர்களின் ரசிகர்களுக்கும் இதே நிலைதான், வேறு மாதிரி. யூசிஎல்ஏ இப்போது நியூஜெர்சியின் ரட்கர்ஸோடு ஒரே கான்ஃபரன்ஸில் இருக்கிறது. பசிஃபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்ட் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் ஆடுகிறது. ரோஸ் பௌல் என்றாலே நம் கான்ஃபரன்ஸுக்கும் பிக் டென்னுக்கும் நடக்கும் ஆட்டம் என்று தலைமுறை தலைமுறையாகப் பழகியிருந்தோம். 2025 புத்தாண்டு நாளில் அங்கே ஆடிய ஒஹாயோ ஸ்டேட், ஓரிகன் இரண்டுமே பிக் டென் அணிகள். ஓரிகன் அந்த ஆண்டு பிக் டென் பட்டத்தையே வென்றிருந்தது. யூஜீனில் இருக்கும் என் நண்பர் அதற்காக மனதார மகிழ்ந்தார். ஆனால் கொர்வாலிஸ் ஆட்டம் செப்டம்பருக்குத் தள்ளப்பட்டதைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர் முகம் சுருங்கிவிடும்.

அதனால் 'நான் ஏன் இவ்வளவு வருத்தப்படுகிறேன்' என்று உங்களையே கேட்டுக்கொண்டு, எந்த ஆட்டம், எந்த ஊர், எந்த வாரம் என்று பெயர் சொல்லிப் பாருங்கள். எதைக் காப்பாற்ற வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

பழைய கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

கோபத்தை ஆற்ற எனக்கு இதைவிட உதவியது வேறில்லை. இந்தக் கூட்டணி 1915-ல் போர்ட்லண்டில் நான்கு பல்கலைக்கழகங்களோடு பசிஃபிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் என்று தொடங்கியது. நாங்கள் 1917-ல் சேர்ந்தோம். ஆட்டக்காரர்களுக்கு விதியை மீறிப் பணம் கொடுத்த விவகாரத்தில் 1959-ல் அது கலைந்தது. உடனே ஐந்து பல்கலைக்கழகங்கள் சேர்ந்து புதிதாக ஒன்றை அமைத்தன. அதில் நாங்கள் இல்லை. 1962-ல்தான் எங்களைச் சேர்த்தார்கள். ஓரிகனும் ஓரிகன் ஸ்டேட்டும் 1964 வரை காத்திருந்தன. அதாவது, இன்று கொடிகட்டிப் பறக்கும் ஓரிகன் அன்று எங்களோடு வாசலுக்கு வெளியே நின்றது. வெளியே நிற்பது புல்மனுக்குப் புதிதில்லை. எங்கள் அணி அப்போதும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

பணம் எப்படி இதற்குள் வந்தது என்பதற்கு 1984-க்குப் போக வேண்டும். அதுவரை எந்த ஆட்டம் டிவியில் வரலாம் என்பதைக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ முடிவு செய்தது. அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 7-2 என்று தீர்ப்பளித்தது. ஒளிபரப்பு உரிமை பல்கலைக்கழகங்களின் கைக்கும் கான்ஃபரன்ஸ்களின் கைக்கும் வந்தது. எதிர்த்து எழுதிய இருவரில் ஒருவர் நீதிபதி பைரன் வைட். அவர் கொலராடோவுக்கு ஃபுட்பால் ஆடியவர். அன்றிலிருந்து எந்தக் கூட்டு டிவிக்கு அதிகம் விலை போகிறதோ அந்தப் பக்கம் எல்லோரும் சாய ஆரம்பித்தார்கள். 2023 கோடையில் பேக்-12-க்கு அடுத்த ஆண்டுக்கான டிவி ஒப்பந்தமே கையில் இல்லை. மேசை மேல் இருந்தது சந்தா எண்ணிக்கையைப் பொறுத்துப் பணம் தரும் ஆப்பிள் நிறுவனத்தின் திட்டம். அதை நம்பி இருக்க முடியாது என்று கிளம்பினார்கள்.

இதில் எந்த இடத்திலும் மாணவர்கள் இல்லை, ஆடுகிற பையன்கள் இல்லை, பக்கத்து வீட்டு வாஷிங்டன் ரசிகரும் இல்லை. திட்டுவதாக இருந்தால் இதை நினைவில் வையுங்கள்.

பங்காளி ஆட்டத்தை விடாதீர்கள்

நான் சொல்ல வந்ததிலேயே முக்கியம் இதுதான். கான்ஃபரன்ஸ் நம் கையில் இல்லை. ஆனால் அண்டை அணியோடு ஆடும் ஆட்டம் ஓரளவு நம் கையில் இருக்கிறது. டெக்சஸும் டெக்சஸ் ஏ அண்ட் எம்மும் 2011-க்குப் பிறகு 2024 வரை ஆடவே இல்லை. ஒரு பிள்ளை பள்ளியில் சேர்ந்து பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் காலம் அது. கான்சஸ், மிசூரி ஆட்டமும் 2011-ல் நின்று 2025-ல்தான் திரும்பியது. ஓக்லஹோமாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் 2023 நவம்பரில் ஆடியதோடு நிற்கிறது.

எங்களுக்கும் வாஷிங்டனுக்கும் நடக்கும் ஆப்பிள் கப் ஆட்டம் பிழைத்தது. 2028 வரை ஒப்பந்தம் இருக்கிறது. ஆனால் தேங்க்ஸ்கிவிங் வாரத்திலிருந்து செப்டம்பருக்குப் போய்விட்டது. எங்கள் வீட்டில் அந்த வார இறுதியில் இரண்டு பக்கத்து நண்பர்களும் கூடி, மட்டன் பிரியாணி போட்டு, பாதி வீடு கருஞ்சிவப்பும் பாதி வீடு ஊதாவுமாக உட்கார்ந்து பார்ப்பது வழக்கம். செப்டம்பர் நடுவில் வாஷிங்டனில் வகுப்பே தொடங்கியிருக்காது. குளிர் இல்லை, பனி இல்லை, சீசன் முழுக்கச் சேர்த்து வைத்த கணக்கும் இல்லை. இருந்தாலும் நாங்கள் கூடுவதை நிறுத்தவில்லை. பிரியாணி செப்டம்பருக்கு மாறிவிட்டது.

2024 செப்டம்பர் 14, சியாட்டில் லூமன் ஃபீல்ட். என் மகள் வாஷிங்டனில் படிக்கிறாள். ஊதாச் சட்டையோடு என் பக்கத்தில் இருந்தாள். நாங்கள் 24-19 என்று முன்னிலையில் இருக்கிறோம். ஆட்டம் முடியச் சுமார் ஒரு நிமிடம். வாஷிங்டனுக்கு ஃபோர்த் டவுன், அதாவது கடைசி முயற்சி, கோட்டுக்கு ஒரு கெஜம்தான் பாக்கி. என் கையை அவள் இறுக்கிப் பிடித்திருந்தாள், தன் அணிக்காக. பந்து ஓரமாகப் போனது. எங்கள் பையன்கள் மடக்கிவிட்டார்கள். நான் கத்திய கத்தலில் முன் வரிசையில் இருந்த ஓர் அம்மா திரும்பிப் பார்த்தார். மகள் கையை உதறிவிட்டு, "அடுத்த வருஷம் பாருங்கப்பா" என்றாள். சொன்ன மாதிரியே அடுத்த ஆண்டு புல்மனில் 59-24 என்று எங்களை வாரிவிட்டார்கள். அன்று என்னைத் தேற்றியதும் அவள்தான்.

இந்த ஆட்டங்கள் நீடிக்க வேண்டுமென்றால் செய்ய வேண்டியது இது. கான்ஃபரன்ஸுக்கு வெளியே ஆடும் ஆட்டங்களைப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒப்பந்தம் போட்டுவிடுவார்கள். ஆகவே ஒப்பந்தம் முடியும் ஆண்டில் கேட்டால் காலம் கடந்துவிடும், இப்போதே கேளுங்கள். விளையாட்டுத் துறை இயக்குநருக்கு அரைப் பக்கக் கடிதம் போதும். எந்த ஆண்டு படித்தீர்கள், சீசன் டிக்கெட் வைத்திருக்கிறீர்களா, எந்த ஆட்டம் வேண்டும் என்று எழுதுங்கள். கோபத்தைக் கொட்ட வேண்டாம். சீசன் முடிவில் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு வரும் கருத்துக் கணிப்பை அழித்துவிடாமல் நிரப்பி அனுப்புங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ஆட்டத்துக்குப் போங்கள். காலி இருக்கையைக் காட்டித்தான் இப்படிப்பட்ட ஆட்டங்களை நிறுத்துவார்கள்.

ஊருக்குப் போங்கள்

டிவியில் மட்டும் பார்க்கிறவர்களுக்குத்தான் கான்ஃபரன்ஸ் முழு உலகமாகத் தெரியும். ஆண்டுக்கு ஒரு முறையாவது படித்த ஊருக்குப் போய் வாருங்கள். சியாட்டிலிலிருந்து புல்மன் போக ஐ-90-ல் ஸ்னோக்வால்மி கணவாய் தாண்டி, வான்டேஜில் கொலம்பியா ஆற்றைக் கடந்து, 26-ஆம் நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டும். ஐந்து மணி நேரம் ஆகும். வான்டேஜுக்குப் பிறகு பெட்ரோல் பங்க் அரிது, அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கோல்ஃபேக்ஸ் ஊருக்குள் வேகத்தைக் குறையுங்கள். அந்தச் சின்ன ஊரின் நீதிமன்றத்தில்தான் 2023 நவம்பரில், கான்ஃபரன்ஸை நடத்தும் உரிமை மிஞ்சிய இரண்டு பல்கலைக்கழகங்களுக்கே என்று நீதிபதி உத்தரவிட்டார். நான் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பிள்ளைகளுக்குக் காட்டுவேன்.

ஆட்டம் இரவில் என்றால் அன்றே திரும்ப நினைக்காதீர்கள். புல்மனில் அறை கிடைக்காவிட்டால் எட்டு மைலில் ஐடஹோ மாநிலத்து மாஸ்கோ இருக்கிறது. கிளம்பும் முன் பல்கலைக்கழகத்துச் சீஸ் கூகர் கோல்ட் ஒரு டின் வாங்குங்கள். 30 அவுன்ஸ், ஏறக்குறைய 850 கிராம். தோசை மேல் துருவிப் போட்டால் பிள்ளைகள் கேட்டுக் கேட்டுச் சாப்பிடுவார்கள்.

தொலைவில் இருப்பவர்களுக்கு வேறொரு வழி உண்டு. ஈஎஸ்பிஎன் சேனல் சீசனில் வாரம் ஒரு ஊரிலிருந்து நடத்தும் காலேஜ் கேம்டே நிகழ்ச்சியில் 2003 அக்டோபரிலிருந்து வாராவாரம் எங்கள் கொடி பறக்கிறது. அது எந்த ஊரில் நடந்தாலும், எங்கள் அணி ஆடாவிட்டாலும், ரசிகர்கள் கொடியை ஒருவருக்கொருவர் அனுப்பிவைத்து அசைக்கிறார்கள். கான்ஃபரன்ஸ் போன பிறகும் நிற்கவில்லை. நிகழ்ச்சி உங்கள் ஊருக்கு வந்தால் விடியற்காலையில் போய்த் தோள் கொடுங்கள்.

ஃபுட்பாலைத் தாண்டிப் பாருங்கள்

டிவி பணம் ஃபுட்பாலுக்காக வந்தது. பயணச் சுமை எல்லோர் மேலும் விழுந்தது. வாலிபால், சாஃப்ட்பால் ஆடும் பிள்ளைகள் நாட்டின் மறு கோடிக்குப் போய்வந்து காலையில் வகுப்பில் உட்கார வேண்டும். நன்கொடை கொடுப்பவராக இருந்தால், அந்த விளையாட்டுகளின் உதவித்தொகைக்கு என்று குறித்துக் கொடுங்கள். என் தீர்மானம் அதுதான்.

பார்க்கவும் அங்கே நிறைய இருக்கிறது. 2023 மார்ச்சில் எங்கள் பெண்கள் பாஸ்கெட்பால் அணி ஏழாம் இடத்தில் தொடங்கி பேக்-12 போட்டித்தொடரையே வென்றது. பல்கலைக்கழக வரலாற்றில் பெண்கள் அணி ஒன்று கான்ஃபரன்ஸ் பட்டம் வாங்கியது அதுதான் முதல் முறை. ஓரிகன் ஸ்டேட்டின் பேஸ்பால் அணி 2025-ல் எந்தக் கான்ஃபரன்ஸிலும் சேராமல் தனியாக ஆடி, ஓமஹாவில் நடக்கும் இறுதிச் சுற்றான காலேஜ் வேர்ல்ட் சீரிஸ் வரை போனது. கைவிடப்பட்ட பல்கலைக்கழகம் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

போன ஆட்டக்காரர்களிடம் பகை வேண்டாம். லூமன் ஃபீல்டில் வென்று கொடுத்த குவாட்டர்பேக் ஜான் மட்டீர் அடுத்த ஆண்டே ஓக்லஹோமாவுக்குப் போனார். அவருக்கு முன் இருந்த கேம் வார்ட் மயாமிக்குப் போய், 2025-ல் தொழில்முறை லீகான என்எஃப்எல் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வானார். புல்மனில் இரண்டு சீசன் ஆடியவர். அன்று நான் கைதட்டினேன், நீங்களும் தட்டலாம்.

புது அண்டை வீட்டாரோடு பழகுங்கள்

2026 ஜூலையிலிருந்து பேக்-12 மறுபடி நிரம்புகிறது. பாய்சி ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட், டெக்சஸ் ஸ்டேட், ஃபுட்பால் இல்லாத கொன்சாகா. பழைய பெயர்களோடு ஒப்பிட்டு மூக்கைச் சுளிக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. நான் அவர்களோடு ஒத்துப்போகவில்லை. பாய்சியின் நீலப் புல்தரை ஆடுகளத்துக்குப் புல்மனிலிருந்து காரில் போகலாம். கொன்சாகா இருக்கும் ஸ்போகேன் ஒன்றரை மணி நேரம்தான். அவர்கள் பாஸ்கெட்பால் அரங்கில் 6,000 இருக்கைகள்தான், டிக்கெட் கிடைப்பது கஷ்டம். அவர்கள் புல்மனுக்கு வரும் நாளுக்கு முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். எங்கள் பீஸ்லி அரங்கம் பெரியது, குடும்பத்தோடு போகலாம்.