டைபிரேக்கர்: சமனில் முடிந்த ஆட்டத்தில் நாம் தவறாகப் புரிந்துகொள்பவை

நம் ஊர் கால்பந்து மைதானங்களில் டைபிரேக்கர் என்றாலே பெனால்டி ஷூட் அவுட்தான், அதாவது சமனில் முடிந்தபின் இரண்டு அணியும் மாறி மாறி கீப்பரை மட்டும் எதிர்த்து உதைப்பது. லீக் பட்டியலில் ஒரே புள்ளியில் நிற்கும் இரண்டு அணிகளில் யார் மேலே என்று பிரிப்பதற்கும் அதே பெயர்தான். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பாதி சண்டை ஆரம்பிக்கிறது.

முதல் தவறு, ஷூட் அவுட் கோல்களை ஆட்டக் கணக்கில் சேர்ப்பது. 2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் 7-5 அல்ல. அது 3-3, ஷூட் அவுட்டில் அர்ஜென்டினா 4-2. பதிவேட்டில் அந்த ஆட்டம் இன்றும் டிராதான். பிரான்ஸின் எம்பாப்பே அன்று வலைக்குள் நான்கு முறை பந்தை அடித்தார், ஆனால் அவர் கணக்கில் ஏறியது மூன்று கோல். ஷூட் அவுட் யார் கோப்பையைத் தூக்குவது என்று மட்டும் சொல்கிறது.

அடுத்தது, அணிக்கு ஐந்து உதையும் கட்டாயம் நடக்கும் என்ற நினைப்பு. எதிரணியால் இனி எட்டிப் பிடிக்க முடியாது என்றானதுமே முடிந்துவிடும். மேலே சொன்ன இறுதி ஆட்டத்திலேயே அர்ஜென்டினாவின் மோன்டியேல் நான்காவது உதையை உள்ளே போட்டதும் கதை முடிந்தது. அதனால் அணியின் சிறந்த ஆளை ஐந்தாவதாக நிறுத்துவது ஆபத்து. 2012 யூரோ அரையிறுதியில் போர்ச்சுகல் ரொனால்டோவைக் கடைசிக்கு வைத்திருந்தது. ஸ்பெயின் 4-2 என்று முடித்துவிட்டது. அவர் உதைக்காமலேயே வீடு திரும்பினார். ஐந்து முடிந்தும் சமனாக இருந்தால், எல்லாரும் ஒருமுறை உதைக்கும்வரை யாரும் இரண்டாவது முறை உதைக்க முடியாது. கீப்பருக்கும் இதுதான் விதி. 2021 யூரோப்பா லீக் இறுதியில் மான்செஸ்டர் யுனைடெட், வில்லாரியல் இரண்டிலும் களத்தில் இருந்த எல்லாருமே கோல் அடித்தார்கள். கடைசியில் கீப்பர்கள் வந்தார்கள். வில்லாரியலின் ருல்லி அடித்தார், யுனைடெட்டின் டி கேயா அடித்ததை ருல்லி பிடித்தார். வில்லாரியல் 11-10.

நான் நேரில் அதிகம் பார்த்த தவறு பெஞ்சில் இருப்பவரை உதைக்க அனுப்புவது. அணிக்கு ஏழு பேர் ஆடும் ஒரு செவன்ஸ் போட்டியில் விசில் ஊதியபிறகு, அதுவரை சட்டையே மாற்றாமல் உட்கார்ந்திருந்த ஒருவர் பந்தை எடுத்துப் புள்ளியில் வைத்துவிட்டார். அரைமணி நேரம் வாக்குவாதம் நடந்தது. ஆட்டம் முடியும்போது களத்தில் இருந்தவர்கள் மட்டும்தான் உதைக்கலாம். காயத்துக்குச் சிகிச்சை, பூட்ஸ் மாற்றுவது என்று தற்காலிகமாக வெளியே நின்றவருக்கும் அனுமதி உண்டு. 2014 உலகக் கோப்பை காலிறுதியில் கோஸ்டாரிகாவுக்கு எதிராக நெதர்லாந்து என்ன செய்தது பாருங்கள்: கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில், ஆட்டம் முடியும் முன்பே, கீப்பர் சிலெஸ்ஸனை எடுத்துவிட்டு டிம் க்ருலை கோல் காக்க இறக்கினார்கள். அவர் இரண்டு உதைகளைத் தடுத்தார். அந்த மாற்றத்தை ஒரு நிமிடம் தள்ளிப்போட்டிருந்தால் க்ருல் பெஞ்சிலேயே இருந்திருப்பார். கீப்பருக்கு அடிபட்டு, மாற்று வாய்ப்பும் மீதமிருந்தால் மட்டும் அதற்கு விலக்கு உண்டு. ஓர் அணியில் ஆள் குறைந்திருந்தால் எதிரணியும் ஒருவரை ஒதுக்கி எண்ணிக்கையைச் சமமாக்க வேண்டும்.

திரும்பி வந்த பந்தை உதைத்தவரே மறுபடி அடிக்கக் கூடாது. ஆனால் கம்பத்தில் பட்டு, கீப்பர்மேல் பட்டு, தானாக உள்ளே உருண்டால் கோல்தான். 1986 உலகக் கோப்பையில் பிரேசிலுக்கு எதிராக பிரான்ஸின் பெல்லோன் அடித்தது கம்பத்தில் பட்டு, கீப்பர் கார்லோஸின் முதுகில் பட்டு உள்ளே போனது. அன்று ஜெயித்தது பிரான்ஸ்.

சமன் என்றால் கூடுதல் நேரம் உண்டு என்று நாமாகவே முடிவுசெய்வதும் தப்பு. 2024 கோபா அமெரிக்கா நாக் அவுட்டில் இறுதி ஆட்டத்தைத் தவிர மற்றவை நேராக ஷூட் அவுட்டுக்குப் போயின. எதிரணி மைதானத்தில் அடித்த கோலுக்குக் கூடுதல் மதிப்பு என்ற விதியை ஐரோப்பிய கிளப் போட்டிகளில் 2021-லேயே எடுத்துவிட்டார்கள்.

சரி, லீக் பட்டியலுக்கு வருவோம். கோல் வித்தியாசம்தான் (அடித்த கோலில் வாங்கிய கோலைக் கழித்தது) எல்லா இடத்திலும் முதலில் என்று நம்பாதீர்கள். 2012-ல் மான்செஸ்டர் சிட்டியும் யுனைடெட்டும் 89 புள்ளியில் நின்றபோது இங்கிலாந்தில் அதுதான் சிட்டிக்குப் பட்டம் கொடுத்தது. ஸ்பெயினில் நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களைத்தான் முதலில் பார்ப்பார்கள். 2007-ல் ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் 76 புள்ளி. கோல் வித்தியாசத்தில் பார்சிலோனா வெகு தூரம் முன்னால் இருந்தும் பட்டம் ரியலுக்குத்தான் போனது.

உலகக் கோப்பைப் பிரிவுப் பட்டியலில் எல்லாமே சமமானால் அட்டை எண்ணுவார்கள், குறைவாக வாங்கிய அணி மேலே. 2018 உலகக் கோப்பையில் வோல்கோகிராடில் ஜப்பான் போலந்திடம் 0-1 என்று பின்தங்கியிருந்தது. சமாராவில் செனகல் கொலம்பியாவிடம் 0-1. இரண்டு அணிக்கும் புள்ளியும் சமம், கோல்களும் சமம், தங்களுக்குள் ஆடியதும் 2-2. ஜப்பானுக்கு நான்கு மஞ்சள் அட்டை, செனகலுக்கு ஆறு. ஜப்பான் பயிற்சியாளர் நிஷினோ 82-வது நிமிடத்தில் ஹசெபேயை மாற்று வீரராக இறக்கினார். அப்புறம் ஜப்பான் வீரர்கள் தங்களுக்குள்ளேயே பந்தைத் தட்டிக்கொண்டு நின்றார்கள், அரங்கமே கூச்சல் போட்டது. பலர் இதை ஏமாற்று என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. செனகல் ஒரு கோல் அடித்திருந்தால் ஜப்பான்தான் வெளியே. அந்த ஆபத்தைத் தெரிந்தேதான் நின்றார்கள். செனகலுக்கு அந்தக் கோல் கடைசிவரை வரவில்லை. உலகக் கோப்பையில் அட்டைக் கணக்கால் வெளியேறிய முதல் அணி அதுதான்.