சுங்கை சிப்புட்டிலிருந்து திருச்சிக்கு: நான்கு மணி நேரமா, ஒரு நாளா?

தாத்தா ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வந்து சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆனதாம். இன்று கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையம் வான்வழியில் சுமார் 2,700 கி.மீ.; சென்னை சுமார் 2,630 கி.மீ. எங்கே இறங்கினாலும் ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான். ஆனால் அது ஓடுபாதையிலிருந்து ஓடுபாதைக்கான கணக்கு. நம் கணக்கு மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், தோட்டத்து வாசலில் தொடங்கி அத்தை வீட்டுத் திண்ணையில் முடிகிறது.

சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.வுக்குச் சாலை வழி 300 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. வழியனுப்ப வேன் நிறைய ஆட்களோடு கிளம்பும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். இ.டி.எஸ். எனும் மின்சார விரைவு ரயிலில் கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையம், அங்கிருந்து விமான நிலைய விரைவு ரயிலில் அரை மணி நேரம். எல்லா இ.டி.எஸ். ரயில்களும் நம் ஊரில் நிற்பதில்லை; பார்த்து எடுங்கள். முனையம் 1-ஆ 2-ஆ என்பதையும் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

பினாங்கு விமான நிலையம் நமக்கு ஏறத்தாழப் பாதித் தூரம்தான். அங்கிருந்து சென்னைக்கு 2024 டிசம்பரில் நேரடி விமானம் தொடங்கியபோது தோட்டமே மகிழ்ந்தது. ஆனால் சொந்த ஊர் துறையூர் என்றால் சென்னையில் இறங்கி என்ன பயன்? அங்கிருந்து திருச்சிக்கே 330 கி.மீ. போகவேண்டும். புதுக்கோட்டை, தஞ்சாவூர்க்காரர்களுக்குத் திருச்சியிலிருந்து அறுபது கி.மீ.க்குள்தான். ஊரைப் பார்த்து விமான நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். டிக்கெட் விலையை அப்புறம் பாருங்கள்.

அடுத்தது கடிகாரம். இந்தியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. டிக்கெட்டில் புறப்படும் நேரம் மலேசிய நேரம், இறங்கும் நேரம் இந்திய நேரம். இதைக் கவனிக்காமல் ஒருமுறை, "இரவு 8.30-க்கு ஏறுகிறேன், நான்கு மணி நேரப் பயணம்" என்று பெரியப்பா மகனிடம் சொல்லிவிட்டேன். அவர் கூட்டிப் பார்த்து 12.30-க்குக் காரோடு வந்தார். நான் இறங்கியதோ 10 மணிக்கு. திருச்சி வாசலில் கோடாலித் தைலமும் மைலோ பாக்கெட்டுகளும் நிறைந்த பெட்டியின்மேல் உட்கார்ந்து, கொசுக்கடியோடு இரண்டரை மணி நேரம். உறவினருக்கு இறங்கும் நேரத்தை மட்டும் அனுப்புங்கள். கூடவே "உங்கள் நேரம்" என்று எழுதிவிடுங்கள்.

இ-விசாவைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும்.

திரும்பும்போது கடிகாரம் மறுபக்கம் இழுக்கும். திருச்சியில் இரவு 11 மணிக்கு ஏறினால் கோலாலம்பூரில் காலை 5.30. டிக்கெட்டில் ஆறரை மணி நேரம்போலத் தெரியும். தூங்கக் கிடைப்பது நான்குகூட இல்லை. அதன் பிறகு சுங்கை சிப்புட் ரயில் வேறு இருக்கிறது. அன்றைக்கும் சேர்த்தே விடுப்பு எழுதிக் கொடுங்கள்.