ஒட்டு வீட்டுக்குள் வெளிச்சமும் செடியும்

வடசென்னையில் வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் பழைய வீடுகள் பலவற்றில் இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்தான், அதனால் வெளிச்சத்தை மேலிருந்துதான் இறக்க வேண்டும்.

முதலில் கூரையைப் பாருங்கள். தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் என்றால், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்காமல் ஒரு கட்டையைக்கூட வெட்ட விடாதீர்கள், கொத்தனார் எவ்வளவு தைரியம் சொன்னாலும் சரி. வீட்டில் இருட்டு அதிகமுள்ள நடுப்பகுதியில் 3 அடிக்கு 4 அடி திறப்பு போதும். சுற்றிலும் கட்டைச் சுவர் எழுப்பி, அதன் மேல் லேமினேட் செய்த கண்ணாடியைச் சரிவாக வைத்து, பக்கவாட்டில் லூவர் (காற்று போகும் சாய்வுப் பட்டைகள்) விட்டால் வீட்டுச் சூடு அந்த வழியாகவே மேலேறிப் போய்விடும். கடல் காற்றுக்கு இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், ஃபிரேம் அலுமினியத்திலேயே போடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்பே ஓரங்களில் தண்ணீர் ஊற்றிச் சோதித்துவிடுங்கள்.

அந்தத் திறப்புக்கு நேர் கீழே சின்னதாய் ஒரு பாத்தி. வெற்றிலைக் கொடி அங்கே அழகாக ஏறும், பார்க்கவே மனசு நிறையும். அப்புறம் மல்லி, அதற்கு நல்ல வெயில் வேண்டும், மாடிக்கு அனுப்புங்கள். ஆனால் மாடியில் ஏற்றும் பாரத்தில் கவனம், ஈர மண் ஒரு கன அடியே ஏறக்குறைய 50 கிலோ வரும். பாரம் குறைய மண்ணில் தென்னை நார்க் கழிவு கலந்து, தொட்டிகளைச் சுவரோரமாகவே வையுங்கள்.