தோள் வலிக்குதா? எம்ஆர்ஐக்கு முன்னாடி கண்ணாடி முன்னாடி நில்லுங்க

எனக்குத் தோள் வலி வந்தப்போ நேரா போய் எம்ஆர்ஐ எடுத்தேன். ரிப்போர்ட்ல தசைநார்ல சின்னக் கிழிசல்னு ஒரு வரி இருந்துச்சு, அதைப் படிச்ச பயத்துல கையை அசைச்சா இன்னும் கிழிஞ்சுரும்னு மூணு மாசம் உடம்போட ஒட்டியே வச்சுக்கிட்டேன், கடைசில பாத்தா கிழிசலால ஒண்ணுமே இல்ல, அசைக்காம வச்சதுல தோள் இறுகிப் போச்சு, அதைப் பிரிச்செடுக்க ஒரு வருஷம் ஆச்சு. 60 தாண்டின நிறைய பேருக்கு வலியே இல்லாம தோள்ல கிழிசல் இருக்கும்ங்கிற விஷயம் அப்புறம்தான் தெரிஞ்சுது. அதனால ஸ்கேன்ல என்ன தெரியுதுங்கிறதை விட கை என்ன செய்யுது, என்ன செய்ய மாட்டேங்குதுன்னு பாக்குறதுதான் முதல் வேலை.

அதுக்கும் முன்னாடி சில விஷயத்துல சோதனையெல்லாம் பண்ணிட்டு உக்காரக் கூடாது. தோள் வலியோட நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சு வாங்குறது இருந்தா அது தோளே இல்லாம இதயமா இருக்கலாம், உடனே எமர்ஜென்சி. எந்த மூட்டா இருந்தாலும் வீங்கி, சிவந்து, தொட்டா கொதிச்சு, கூடவே காய்ச்சலும் இருந்தா மூட்டுக்குள்ள சீழ் பிடிச்சிருக்கலாம், காலைல பாத்துக்கலாம்னு விடாதீங்க, அன்னைக்கே போகணும். கீழ விழுந்து தோளோட உருண்டை வடிவம் போய் சப்பையா, ஓரம் கூர்மையா தெரிஞ்சா மூட்டு இறங்கிருச்சு. இதை சினிமால வர்ற மாதிரி யாராவது இழுத்து உள்ள தள்ளுறேன்னு வந்தா கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிருங்க, பக்கத்துலயே நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுது, எலும்பும் சேர்ந்து உடைஞ்சிருக்கலாம். கையை எந்த நிலைல வச்சா வலி குறையுதோ அப்படியே துணியால தாங்கிக் கட்டி ஆஸ்பத்திரிக்குப் போங்க. மேல் கையோட வெளிப்பக்கம் மரத்துப் போச்சுன்னா அதை டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.

இதெல்லாம் இல்லைன்னா சட்டையைக் கழட்டிட்டு கண்ணாடி முன்னாடி நில்லுங்க. வலிக்கிற கையைப் பக்கவாட்டுல மெதுவா தூக்குங்க. பாதி வழில, அதாவது 60 டிகிரில இருந்து 120 டிகிரி வரைக்கும் மட்டும் சுருக்குன்னு வலிச்சு, அதைத் தாண்டுனா வலி குறைஞ்சா அது பெரும்பாலும் ரொட்டேட்டர் கஃப். தோள் பந்தைக் குழிக்குள்ள பிடிச்சு வச்சிருக்கிற நாலு தசைக்கும் அதோட நாருக்கும் சேர்த்து வச்ச பேரு அது. தோள்ல குழி ரொம்ப ஆழம் கம்மி, பந்து பெருசு, அதனாலதான் கை இவ்ளோ பக்கம் சுத்துது, அதனாலேயே மொத்த பாரமும் இந்த நாலு பேர் தலைல விழுது.

அடுத்ததுதான் எனக்குப் பிடிச்ச சோதனை. ஒரு துண்டைச் சுருட்டி முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவுல வச்சு இடுக்கிக்கோங்க, முழங்கையை 90 டிகிரிக்கு மடக்கி, கதவைத் திறக்குற மாதிரி முன்கையை வெளிப்பக்கம் கொண்டு போங்க. நல்ல கை எவ்ளோ தூரம் போகுது, வலிக்கிற கை எங்க நிக்குதுன்னு பாருங்க. இப்போ நீங்க சும்மா தளர்வா விட்டுட்டு வீட்ல யாரையாவது அதே கையை மெதுவா வெளிப்பக்கம் கொண்டு போகச் சொல்லுங்க. நீங்களா பண்ணா போகல ஆனா அவங்க பண்ணா போகுதுன்னா தசையோ நாரோ அடிபட்டிருக்கு. யார் பண்ணாலும் ஒரே இடத்துல சுவத்துல முட்டுன மாதிரி நிக்குதுன்னா மூட்டுப் பையே இறுகியிருக்கு, எக்ஸ்ரேல தேய்மானமோ வேற எதுவுமோ இல்லைன்னா அதுதான் ப்ரோசன் ஷோல்டர். 40ல இருந்து 60 வயசுக்குள்ள அதிகம், சுகர் இருக்கிறவங்களுக்கு இன்னும் அதிகம். எனக்கு நல்ல கை சுமார் 70 டிகிரி போச்சு, இந்தக் கை 20லயே பிரேக் போட்டுச்சு.

வலி முழங்கையைத் தாண்டி விரல் வரைக்கும் இறங்குது, மரத்துப் போகுது, கழுத்தைத் திருப்புனா கூடுதுன்னா தோளை விட்டுட்டு கழுத்தைக் காட்டுங்க. கையைத் தூக்கித் தலை மேல வச்சா சுகமா இருக்குன்னு சொல்றவங்கள்ல பாதி பேருக்குப் பிரச்சனை கழுத்து நரம்புலதான்னு நான் நினைக்கிறேன், தோள் கெட்டவனால முதல்ல கையை அங்க கொண்டு போகவே முடியாதே. விழுந்த அடிக்கு அப்புறம் கையைத் தூக்கவே முடியல, இன்னொருத்தர் தூக்கி விட்டாலும் தொப்புன்னு விழுதுன்னா மட்டும் காத்திருக்காதீங்க, நார் முழுசா அறுந்திருந்தா தைக்கிறதுக்கு சீக்கிரம் போறதுதான் நல்லது, மாசக்கணக்குல விட்டா தசை சுருங்கிரும்.

சரி, வைத்தியம். முதல் ரெண்டு மூணு நாள் ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம், துணில சுத்தி 15 நிமிஷம், வெறும் தோல்ல வைக்க வேணாம். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைக்கிறதுன்னு நாலையும் சேர்த்து 1978ல பிரபலமாக்குன கேப் மிர்கின்ங்கிற டாக்டரே 2014ல ஐஸும் முழு ஓய்வும் ஆறுறதைத் தாமதப்படுத்தலாம்னு மாத்திச் சொல்லிட்டாரு, அதனால ஐஸ் வலிக்குத்தான், குணமாக்குறதுக்கு இல்லைன்னு வச்சுக்கோங்க. புது அடியை அமுக்கி நீவி விடவே கூடாது. மாத்திரைல பாராசிட்டமால்ல ஆரம்பிங்க, ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைங்க வயித்துப்புண், கிட்னி, இதயப் பிரச்சனை இருக்கிறவங்களுக்கு ஆகாது.

ராத்திரிதான் தோள் வலி உயிரை எடுக்கும். மல்லாந்து படுத்து, முழங்கைக்கு அடில ஒரு தலகாணி வச்சுப் பாருங்க, கை பின்பக்கம் சரியாம இருந்தாலே பாதி வலி அடங்கும்.

அப்புறம் அசைவு. நல்ல கையை மேஜைல ஊனிக் குனிஞ்சு நில்லுங்க, வலிக்கிற கையைப் பையன் ஸ்கூல் பையைத் தொங்க விடுற மாதிரி சும்மா தொங்க விடுங்க, இடுப்பை ஆட்டுனா அந்த ஆட்டத்துல கை தானா ஊசலாடணும், தோளால ஆட்டுனா அது கணக்கே இல்ல. ஒரு வாரம் கழிச்சு சுவத்துல விரலால மேல ஏறுறது, அப்புறம் சுவத்தைப் புறங்கையால தள்ளிட்டு நிக்கிறது, அதுக்கப்புறம்தான் உடற்பயிற்சிக்கு இழுக்குற ரப்பர் பேண்ட். எவ்ளோ வலி வரைக்கும் பண்ணலாம்னா, பத்துக்கு மூணு நாலு பரவால்ல, அடுத்த நாள் காலைக்குள்ள பழைய நிலைக்கு வந்துரணும், வரலைன்னா நேத்து அதிகமாப் பண்ணிட்டீங்க, பாதியாக்குங்க. நார் சரியாக 6ல இருந்து 12 வாரம் ஆகும், ரெண்டாவது வாரத்துல ஒண்ணும் மாறலையேன்னு விட்டுட்டுப் போறவங்கதான் அதிகம். ப்ரோசன் ஷோல்டருக்கு 1ல இருந்து 3 வருஷம் கூட ஆகலாம், ஆரம்பத்துலயே மூட்டுல ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டா வலி குறையும், ஆனா சுகர் இருந்தா சில நாளைக்கு ஏறும், டெஸ்ட் பண்ணிட்டே இருங்க.

மத்த மூட்டுங்க எல்லாம் இவ்ளோ சிக்கல் இல்ல. கணுக்கால் பிசகுனா கனடால ஒட்டாவா டாக்டருங்க 1992ல போட்ட விதி ஒண்ணு இருக்கு, நாலு அடி கூட எடுத்து வைக்க முடியலைன்னாலோ, கணுக்கால் ரெண்டு பக்க முட்டி எலும்போட பின் ஓரத்துல, இல்ல நுனில அமுக்குனா வலிச்சாலோ எக்ஸ்ரே எடுக்கணும். பாதத்துல வெளிப்பக்கம் சுண்டு விரல் எலும்பு ஆரம்பிக்கிற இடம், உள்பக்கம் மேடா இருக்கிற எலும்பு, இது ரெண்டையும் அமுக்கிப் பாருங்க, வலிச்சா அப்பவும் எக்ஸ்ரேதான். சுகரால பாதம் மரத்துப் போனவங்களுக்கு இந்த விதி வேலை செய்யாது, அவங்க எடுத்துருறதே மேல்.

முழங்கால்ல டக்குன்னு சத்தம் கேட்டு ரெண்டு மணி நேரத்துக்குள்ள பலூன் மாதிரி வீங்குனா உள்ள ரத்தம் கட்டியிருக்கு, பெரும்பாலும் முழங்காலுக்குள்ள ரெண்டு எலும்பையும் இழுத்துப் பிடிச்சிருக்கிற ஏசிஎல் ஜவ்வு கிழிஞ்சிருக்கும். மறுநாள் மெதுவா வீங்கி, மடக்குன கால் நீட்ட வராம பூட்டிக்குச்சுன்னா பெரும்பாலும் மெனிஸ்கஸ், அதாவது எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கிற குருத்தெலும்பு, கிழிஞ்சிருக்கும். பூட்டிக்கிட்ட முழங்காலை வம்பா நீட்டாதீங்க.

கையை ஊனி விழுந்தா கட்டை விரலை விரிச்சதும் அடிப்பக்கம் ஒரு குழி விழும்ல, அங்க அமுக்குனா வலிக்குதான்னு பாருங்க. அங்க இருக்கிற எலும்பு உடைஞ்சாலும் முதல் எக்ஸ்ரேல தெரியாமப் போகலாம், அதனால எக்ஸ்ரே நார்மல்னு சொன்னாலும் வலி இருந்தா கட்டுப் போட்டுட்டு 10, 14 நாள் கழிச்சு திரும்ப எடுக்கணும். பந்து பட்டு விரல் நுனி தொங்கிருச்சுன்னா நுனி மூட்டை நேரா வச்சு 6ல இருந்து 8 வாரம் ஸ்ப்ளிண்ட், அதாவது விரலை மடங்க விடாம தாங்குற பட்டை, போடணும், குளிக்கும்போது ஒரு நிமிஷம் கழட்டி விரல் மடங்கிருச்சுன்னா கூட கணக்கு மறுபடி முதல்ல இருந்து.