கவர்னர் மாளிகை வரை ஏறிப் பாருங்கள்

ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு உறவுக்காரர்களைக் கூட்டிப்போய்க் கூட்டிப்போய் எனக்கு 30 வருஷம் ஆகிவிட்டது. பெரிய புல்வெளியில் குடும்பத்தோடு ஒரு படம், வெளியே வந்ததும் வர்க்கியும் டீயும், அத்தோடு பூங்கா பார்த்தாயிற்று என்று கிளம்பிவிடுகிறார்கள். அது எனக்குத் தாங்குவதில்லை. 55 ஏக்கர் தோட்டம், தொட்டபெட்டா மலையின் அடிச்சரிவில் தட்டுத்தட்டாக ஏறுகிறது. நல்லதெல்லாம் மேலேதான் இருக்கிறது.

வெளியூர் வண்டி என்றால் முதலில் இ-பாஸ் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் நீலகிரிக்குள் கூடாது, வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுவாருங்கள். மே மாத மலர்க்காட்சிக் கூட்டத்தில் மரத்தை நிதானமாகப் பார்க்க முடியாது. சாதாரண நாளில், காலையில் கதவு திறந்ததும் நுழையுங்கள். புல்லில் பனி காய்ந்திருக்காது, ஸ்வெட்டர் அவசியம்.

கீழே நிற்கும்போதே ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த இடம் முன்பு சதுப்பு, மேலே காடு. வெள்ளைக்காரர்கள் காய்கறி போடுவதற்காக ஆளுக்கு மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு ஆரம்பித்தது. 1848-இல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து வந்த மெக்கைவர்தான் அதைப் பூங்காவாக்கினார். குரங்கு ஏறா மரத்தைத் தேடிப் பிடியுங்கள். கிளை முழுக்க முள்ளைப் போன்ற இலை. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதன் அடியில் நின்று, குரங்கு எப்படி ஏறும் என்று அரைமணி நேரம் வழக்காடியிருக்கிறார்கள். கல்லாய்ச் சமைந்த மரத்துண்டு ஒன்றும் கிடக்கிறது, 2 கோடி ஆண்டுப் பழசு. பெரணி இல்லம், இத்தாலியன் பூங்கா எல்லாம் போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு மேலே ஏறுங்கள். முட்டிவலிக்காரர்கள் பெஞ்சுக்குப் பெஞ்சு உட்கார்ந்து வரலாம், என் மாமியார் 70 வயதில் அப்படித்தான் ஏறினார். தோட்டத்துக்கு மேலே கவர்னர் மாளிகை. உள்ளே பொதுமக்களுக்கு அனுமதி இல்லை, வெளியே நின்றுதான் பார்க்கவேண்டும். மதராஸ் கவர்னராக இருந்த பக்கிங்காம் கோமகன் காலத்தில், 1877-இல் இதைக் கட்டத் தொடங்கினார்கள். அது தாதுவருஷப் பஞ்சம் மலைக்குக் கீழே சமவெளியை வாரிக்கொண்டு போன நேரம். என் பாட்டி யார் சோற்றை மிச்சம் வைத்தாலும் "தாது வருஷத்தை மறந்துட்டியா" என்பாள். பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவளில்லை, அவள் பாட்டி சொல்லிக் கேட்டது. அங்கே நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரல்தான் கேட்கும். கூட வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் நான் இறங்குவதில்லை. நீங்களும் சொல்லுங்கள்.

இன்னும் மேலே, நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் மந்து இருக்கிறது. இந்தச் சரிவெல்லாம் அவர்கள் எருமை மேய்த்த புல்வெளி. மந்து என்பது ஆட்கள் குடியிருக்கும் ஊர், காட்சிப்பொருள் இல்லை. கேட்காமல் படம் எடுக்காதீர்கள், கோயில் பக்கம் போகாதீர்கள். பூவேலை செய்த சால்வை விற்றால் பேரம் பேசாமல் வாங்குங்கள். கறுப்பும் சிவப்புமாக அதில் ஓடும் ஒவ்வொரு இழையும் கையால் எண்ணிப் போட்டது.

இறங்கும்போது மழை பிடித்தால் புல்சரிவில் குறுக்கே இறங்கவேண்டாம், வழுக்கும். சுற்றானாலும் பாதையிலேயே வாருங்கள்.