கல்சியம் குளிசை போட்டால் சீனி இறங்குமா?

"கல்சியம் குளிசை ஒழுங்காப் போட்டால் சீனி இறங்குமோ தம்பி?" என்று பக்கத்து வீட்டு மாமி போன கிழமை கேட்டார். 'இன்சுலின் சுரக்கக் கல்சியம் வேண்டும்' என்று மகள் உயர்தர உயிரியல் பாடத்தைச் சத்தமாகப் படித்தது அடுப்படிவரை கேட்டிருக்கிறது. மகள் படித்தது சரி, மாமி எடுத்த முடிவுதான் பிழை. என்னிடம் ரியூசனுக்கு வரும் பிள்ளைகளும் இதே பிழையை வேறு உருவத்தில் விடுகிறார்கள்.

கல்சியத்தை இன்சுலின் செய்யும் மூலப்பொருளாக நினைப்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது. சதையியின் பீட்டா கலங்களுக்குள் இன்சுலின் ஏற்கெனவே புடகங்கள் எனும் சிறு பைகளில் அடைத்துத் தயாராக இருக்கும். 'இப்ப திற' என்று சொல்வதுதான் கல்சியத்தின் வேலை. சோறு சாப்பிட்டதும் குருதியில் குளுக்கோசு ஏறுகிறது. அது கலத்துக்குள் போய் உடைய, கலத்தின் சக்தி நாணயமான ஏ.ரீ.பி கூடுகிறது. உடனே பொற்றாசியக் கால்வாய்கள் மூடுகின்றன. பொற்றாசியம் வெளியேற முடியாததால் மென்சவ்வின் மின்னழுத்தம் மாறி, கல்சியக் கால்வாய்கள் திறக்கின்றன. உள்ளே பாயும் கல்சியம் புடகத்தின் புரதமொன்றில் ஒட்ட, புடகம் மென்சவ்வோடு இணைந்து இன்சுலினை வெளியே விடுகிறது.

இதில் பொற்றாசியக் கால்வாய் 'திறக்கிறது' என்று எழுதிப் புள்ளி இழப்பவர்கள் பலர். மாமி நீரிழிவுக்குப் போடும் கிளிக்கிளசைட் குளிசையை நினைத்துப் பாருங்கள், மறக்காது. அந்த மருந்து செய்வது அதே கால்வாயை மூடுவதைத்தான்.

சரி, கல்சியம் கூடினால் இன்சுலின் என்ற ஓமோனும் கூடத்தானே வேண்டும்? இங்கேதான் நிதானம் தேவை. ஓய்வில் இருக்கும் கலத்தின் குழியவுருவில் உள்ளதைவிடச் சுமார் 10,000 மடங்கு கல்சியம் அயன் வெளியே இருக்கிறது. உள்ளே அவ்வளவு குறைவாக இருப்பதால்தான் கொஞ்சம் நுழைந்தாலும் அது செய்தியாகிறது. நுழைந்ததை ஏ.ரீ.பி செலவழித்து உடனே வெளியேற்றவும், கலத்துக்குள் இருக்கும் கல்சியச் சேமிப்பிடமான அகமுதலுருச் சிறுவலையில் சேர்க்கவும் பம்பிகள் இருக்கின்றன. எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சும் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்புக்கல் நிலத்தின் கல்சியம் காபனேற்றாகப் படிவது அது. கலத்துக்குள் பொசுபேற்று நிறைய உண்டு. கல்சியத்தை அங்கே தேங்க விட்டால் அதுவும் அப்படித்தான் படியும், கலம் செத்துவிடும்.

குருதிப் பரிசோதனைத் தாளில் உள்ள கல்சியம் கலத்துக்கு வெளியே இருப்பது. அது லீற்றருக்கு ஏறத்தாழ 2.1 முதல் 2.6 மில்லிமோல் வரை இருக்கும். குளிசை போட்டாலும் உடம்பு அதை அந்த எல்லைக்குள் இழுத்துப் பிடிக்கும். பீட்டா கலத்தின் கதவை அந்தக் குளிசை திறக்காது.

எல்லாச் சுரப்பிக்கும் ஒரே விதியை எழுதுவதும் பிழை. கழுத்திலுள்ள பராதைரொயிட் சுரப்பியின் கலங்களில் கணக்கு தலைகீழ்: குருதியில் கல்சியம் கூடினால் அவற்றின் ஓமோன் குறையும். இசுத்திரோயிட்டு ஓமோன்கள் புடகங்களில் சேமிக்கப்படுவதே இல்லை.

எலும்புக்கென்று டொக்டர் எழுதிய கல்சியத்தை இதைக் கேட்டுவிட்டு நிறுத்த வேண்டாம் என்று மாமியிடம் சொன்னேன். அவர் தைரொயிட் ஓமோன் குளிசையான தைரொக்சினும் போடுகிறார். இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் தைரொக்சின் சரியாக உறிஞ்சப்படாது, இடையில் 4 மணித்தியாலம் விட வேண்டும். அன்றுவரை இரண்டையும் காலைத் தேத்தண்ணியோடு சேர்த்தே போட்டிருக்கிறார்.